மூன்றரை மணி நேரக் காற்று

ஒரு லாரி ட்யூபில் முட்ட முட்டக் காற்றடித்து, அதன் வாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, கிளிப்பை அளவாகத் திருகி விட்டால் காற்று மூன்றரை மணி நேரம் வரும். மூன்றே முக்கால் வந்த நாளும் உண்டு. அது கிளிப்பின் தயவு. அதற்கு மேல் வராது. இரண்டு வருஷ காலம் என் வீட்டில் யாராவது ஒருவர் மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ட்யூபின் முன்னால் போய் நின்றாக வேண்டியிருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் நான் இல்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

நான் புதுக்கோட்டையில் ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பிறந்தது விராலிமலைப் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு, குளம், மழை பெய்தால் ரோட்டோரப் பள்ளம், அவ்வளவுதான். கடலைப் போர்டில் படம் போட்டு நடத்தியிருக்கிறேனே தவிர, மணமேல்குடிக்குப் பெண் பார்க்கப் போனபோதுதான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. பெண்ணைப் பார்த்ததைவிடக் கடலைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று என் மனைவி கடைசிவரை சொல்லிக் காட்டினாள். அது பொய்யில்லை.

அந்தப் பக்கத்துக் கடல் சாது. அலை பெரிதாக இருக்காது. முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். பாசிக்குள் கையை விட்டால் கடல்குதிரை விரலில் வாலைச் சுற்றிக்கொள்ளும். கல்லில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிந்து கிடக்கும் கடல்சாமந்தி, தொட்டால் சுருங்கும். அது செடியில்லை, உயிர்ப்பிராணி என்று நான் மாமனார் வீட்டாரிடம் வகுப்பெடுத்தேன். அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஊறுகாய் ஜாடியில் நான்கு கடல்குதிரைகளோடு பஸ் ஏறினேன்.

முதலில் கொண்டுவந்தவை எல்லாம் செத்தன. மண்ணெண்ணெய் டின்னில் கடல்தண்ணீர் கொண்டுவந்தேன், துரு கொன்றது. பிறகு பாட்டரிக் கடையில் ஆசிட் வரும் கண்ணாடி ஜாடிகளை வாங்கிக் கழுவி மைத்துனனிடம் கொடுத்தேன். மீன் லாரிகளோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது. அவன் தண்ணீரும் பிராணிகளுமாக ஏற்றி அனுப்புவான். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கூடத்தில் வைத்தேன். காற்று நுண்ணிய குமிழியாக வர வேண்டுமே என்று யோசித்து, பள்ளிக்கூடத்துப் பிரம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் குழாயின் முனையில் செருகினேன். பிரம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பையன்களை அடித்த பிரம்பு கடல்குதிரைக்கு மூச்சு விட்டது. சாயங்காலமானால் வீட்டில் கூட்டம் கூடியது. எனக்குக் 'கடல் வாத்தியார்' என்று பெயர் விழுந்தது. கேலிதான் என்றாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் காற்றடித்தவள் என் மனைவி. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பம்பில் அறுபது அடி அடிப்பாள். துணி துவைக்கும் ஈரக்கையோடு வந்து அடிப்பாள். அவள் பிறந்த ஊருக்குப் போனது இரண்டு வருஷத்தில் இரண்டே தடவை. இரண்டும் எனக்கு லீவு நாட்கள்.

"நான் போயிட்டா ஒங்க குதிரைக்கு யாருங்க காத்தடிப்பா?" என்று ஒருமுறை கேட்டாள்.

இதை ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னேன். என் தொட்டி மீது அவளுக்கு அவ்வளவு ஆசை என்பது என் வியாக்கியானம்.

அவள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து மாமியார் வந்து அழைத்துக்கொண்டு போகும் நாளில், கூடத்தை ஒட்டிய சாமான் அறையைக் காட்டி ஒரு வேலை சொன்னாள். அந்த அறையில் உத்திரத்தில் ஒரு பெரிய இரும்பு வளையம் இருந்தது.

"இங்கிட்டு வெள்ளையடிச்சு வச்சிருங்க. அந்த வளையத்துலதான் தொட்டில் கட்டணும். அப்பறம், பதினாறாம் நாளு பேரு வைப்பாங்க. அப்பன்தான் காதுல சொல்லணும். எங்க வழக்கம் அது. நீங்க வராம யாரும் பேரு வைக்க மாட்டாங்க."

"சேதி வந்ததும் முதல் பஸ்ஸுல வாரேன்" என்றேன். பெயரை நாங்கள் பேசி வைத்திருந்தோம். ஆணென்றால் ஒன்று, பெண்ணென்றால் ஒன்று.

பஸ் கிளம்பிப் போன அன்று சாயங்காலமே கணக்குப் போட்டேன். அறந்தாங்கி போய் பஸ் மாறி மணமேல்குடி போக மூன்று மணி நேரம். திரும்பி வர மூன்று. பஸ்ஸுக்குக் காத்திருப்பது தனி. ட்யூபில் இருப்பதோ மூன்றரை. அன்றுதான் முதல்முறையாக எனக்கு மூச்சு முட்டியது.

மறுநாளிலிருந்து என் பிழைப்பு நாய் பிழைப்பு. காலையில் அடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். இன்டர்வெல் மணி அடித்ததும் சைக்கிளில் பறந்து வருவேன். மத்தியானம் ஒரு தடவை, கடைசி பீரியடை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஒரு தடவை. ராத்திரிக்கு அலாரம். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தபால்காரரிடம் ஒருநாள் பொறுப்பை விட்டுப் பார்த்தேன். மனிதர் உற்சாக மிகுதியில் அடித்த அடியில் ட்யூப் வெடித்து, அவர் வேட்டியோடு சுவரில் போய் மோதிக்கொண்டார். அதன்பிறகு என் வீட்டு வாசலைக்கூடத் தள்ளி நின்றுதான் பார்த்தார்.

இதிலிருந்து தப்பிக்க என் படித்த மூளைக்கு ஒரு வழி தோன்றியது. சின்னத் தொட்டி என்பதால்தான் இந்தப் பாடு. தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாம் சீக்கிரம் கெடும். தண்ணீர் நிறைய இருந்தால் நிதானமாகக் கெடும். ஆகவே பெரிய தொட்டி கட்டி, அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, கைபடாமல் ஒருநாள் முழுக்கத் தானே ஓடும்படி செய்துவிட்டால், நான் போய்ப் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு வந்துவிடலாம். இன்று யாராவது என்னிடம் இப்படிச் சொன்னால் நான் சிரிப்பேன். அன்று நோட்டில் படம் போட்டேன்.

ஒதுக்க வீட்டில் ஒரே ஓர் அறைதான் இருந்தது. வெள்ளையடிக்கச் சொன்ன அறை.

கொத்தனார் வந்து அறையை ஒரு சுற்று பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது கன்னி மூலை. இங்கன தண்ணி தேக்கக் கூடாதுங்க."

"இது கடல் தண்ணிப்பா. சாஸ்திரத்துல வராது."

"அப்ப உப்புத் தண்ணிக்கு மூலையே கெடையாதாங்க?" என்று கேட்டுவிட்டு, தலையிலடித்துக்கொள்ளாத குறையாகக் கரண்டியை எடுத்தார்.

கூடத்துச் சுவரை ஆறடி அகலத்துக்கு இடித்தோம். மூன்று பக்கம் சிமெண்டு, கூடத்தைப் பார்த்த பக்கம் திருச்சியிலிருந்து வந்த தடித்த கண்ணாடி. கூடத்தில் உட்கார்ந்தால் கடல் மட்டும் தெரியும். அதன் வண்டவாளம் எல்லாம் பின்னால் சாமான் அறைக்குள். அங்கே உயரமான கல் மேடையில் ஒரு மரப் பீப்பாய், கீழே குழியில் இன்னொரு பீப்பாய், நடுவே மணலும் கரியும் பரப்பிய தட்டுகள். மேலிருந்து தண்ணீர் மணலில் வடிந்து தொட்டிக்கு வரும், தொட்டியில் மிஞ்சியது கீழே போகும், கீழே சேர்ந்ததை ஒரு நாளைக்கு ஒரே முறை நான் வாளியால் மேலே ஏற்ற வேண்டும். சுவர் முளைகளில் வரிசையாக நான்கு லாரி ட்யூபுகள், ஒன்றோடொன்று குழாயால் கோத்து. எனக்கு அந்த அறையைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

சிமெண்டு பூச்சு காயாத ஒரு மத்தியானம் மணமேல்குடியிலிருந்து கார்டு வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். முழங்கை வரை சிமெண்டோடு கார்டை நுனிவிரலில் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. சட்டையை மாட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றினேன்.

பதினாறாம் நாள் போக முடியவில்லை. புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு ஊறும், கடல்பிராணி தாங்காது. நல்ல தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு, வடித்து, மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தேன். முப்பதாம் நாள் வருகிறேன் என்று எழுதினேன். முப்பதாம் நாள் கண்ணாடி ஓரத்தில் ஒழுகியது. நாற்பத்தைந்தாம் நாள் ஒழுகல் நின்றது, ஆனால் கடல்தண்ணீர் கொண்டுவர வேண்டிய மைத்துனனின் லாரி தவறியது. அவளிடமிருந்து மூன்று கார்டுகள் வந்தன. கடைசிக் கார்டில் இரண்டே வரி. 'பிள்ளையை எல்லாரும் பாப்பா பாப்பா என்றே கூப்பிடுகிறோம். அதுவே பழகிவிடும் போல் இருக்கிறது.'

சாகிறதெல்லாம் சாகட்டும் என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் அவள் அடித்த காற்று வீணாகிவிடும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன். பச்சைப் பொய். கூடத்தில் கூட்டம் கூடாது, கடல் வாத்தியார் வெறும் வாத்தியாராகிவிடுவான், அதுதான் காரணம். பூட்டு என் பக்கம்தான் இருந்தது. அது தெரிந்தும் நான் திறக்கவில்லை.

அறுபதாம் நாளையொட்டி பெரிய தொட்டியில் பிராணிகளை விட்டேன். நான்கு ட்யூபும் சேர்ந்து பதினான்கு மணி நேரம் வந்தது. துள்ளிக் குதித்தேன். ஒரே ஒரு குறைதான் மிச்சம். சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. உப்பு தங்கிவிடும், தண்ணீர்தான் போகும். அதைச் சரிக்கட்ட நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். குழாய் வைத்தால் அதிகம் விழுந்தது. கையால் ஊற்றுவதென்றால் நான் இருக்க வேண்டும்.

அந்தக் கவலையோடு சிவன் கோயிலுக்குப் போனவன், சந்நிதியில் லிங்கத்துக்கு மேலே தொங்கிய தாராபாத்திரத்தைப் பார்த்தேன். அடியில் சிறு துளையிட்ட செம்புப் பாத்திரம். கோடை முழுவதும் லிங்கத்தின் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். அடடா, இதையல்லவா தேடிக்கொண்டிருந்தோம்! குருக்களிடம் கேட்டேன்.

"பழசு ஒண்ணு மடப்பள்ளியில கெடக்கு, எடுத்துண்டு போங்கோ. செம்புல வச்ச ஜலம் மாதிரி சுத்தம் வேற எதுலயும் வராது" என்றார்.

எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. குடிதண்ணீரைச் செம்பில்தானே பிடித்து வைக்கிறோம். கோயில் பாத்திரம் என்ற பயபக்தியில் தினமும் காலையில் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். தொங்கவிட இடம் தேட வேண்டியிருக்கவில்லை. உத்திரத்து வளையம் சரியாகத் தொட்டியின் ஓரத்துக்கு நேர் மேலே இருந்தது.

மூன்றாம் நாள் கடல்சாமந்திகள் விரியவில்லை. நான்காம் நாள் சங்கு நண்டுகள் ஓட்டை விட்டு வெளியே வந்து மல்லாந்தன. தண்ணீர் சுத்தம் போதவில்லை என்று நினைத்தேன். பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சொட்டு வேகமாக விழும்படி துளையைப் பெரிதாக்கினேன். காற்று போதவில்லையோ என்று கிளிப்புகளைத் தாராளமாகத் திறந்துவிட்டேன். பதினான்கு மணி நேரக் காற்று ஐந்து மணி நேரமாகக் குறைந்தது. பிறகு மூன்று. கடைசியில் நான்கு ட்யூபும் ஒன்றரை மணி நேரத்தில் வற்றின. தப்பிக்கக் கட்டிய அறையில் நான் முன்னைவிட இறுக்கமாக மாட்டிக்கொண்டேன். மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த அறையிலேயே பாய் போட்டுக்கொண்டு, காற்றடித்துத் தூங்கி, எழுந்து காற்றடித்தேன். தாடி வளர்ந்தது. கீச்சான் மீன்கள் மட்டும் எதற்கும் அசையாமல் சுற்றின. கடல்குதிரைகள் அடியில் சாய்ந்து கிடந்து செவுளை அடித்துக்கொண்டன.

எண்பதாம் நாள் காலையில் வாசலில் லாரி நின்றது. பத்து ஜாடி கடல்தண்ணீரோடு மைத்துனன் இறங்கினான். அவனுக்குப் பின்னால், தோளில் துணியில் சுற்றிய குழந்தையோடு, என் மனைவி.

"மச்சான், நான் எவ்வளவோ சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டா" என்றான் அவன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் ஆறடிக் கண்ணாடியைப் பார்த்தாள். நேரே சாமான் அறைக்குள் போனாள். பீப்பாய், மணல் தட்டு, ட்யூப்கள், பாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்னங்க?"

தாராபாத்திரத்தின் மகிமையை விளக்கினேன். பாடம் நடத்துகிற குரல் தானாக வந்துவிட்டது.

"செம்பா?"

"சுத்தமான செம்பு."

"எங்கூருப் பக்கம் பெரிய தோணிக்கெல்லாம் அடியில செப்புத் தகடு அடிப்பாங்க. எதுக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு? பூச்சி, சிப்பி எதுவும் ஒட்டக்கூடாதுன்னு. ஒட்டுனா செத்துப்போகும். கடல்ல கெடக்குற ஜீவனுக்குச் செம்பு ஆகாது. சின்னப்புள்ளயக் கேட்டாக்கூடச் சொல்லும்."

நான் அண்ணாந்து பாத்திரத்தைப் பார்த்தேன்.

"நீ எனக்குச் சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

குழந்தையை என் கையில் கொடுத்தாள். எண்பது நாளில் என் மகளை நான் தொட்டது அப்போதுதான். சூடாக இருந்தாள். என் தாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாளே தவிர அழவில்லை. என் மனைவி பீப்பாய் மேடையில் ஏறி, பாத்திரத்தை வளையத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். மைத்துனன் ஜாடிகளை உள்ளே சுமந்து வந்தான். பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீரை ஊற்றினோம். மூன்று பேரும் சேர்ந்து செய்ததில் மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒரு கடல்குதிரை நிமிர்ந்து வாலால் பாசியைப் பிடித்தது. பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. காற்று மட்டும் நிற்கக்கூடாது.

பழைய சேலை ஒன்றை எடுத்து அவள் அந்த வளையத்திலேயே தொட்டில் கட்டினாள். தொட்டியின் ஓரமாக, ட்யூபுகளுக்கு எதிரே, வேறு இடம் இல்லாததால். மைத்துனன் கடையில் சர்க்கரை வாங்கி வந்து தட்டில் வைத்தான். ஆள் அம்பு இல்லை, மேளம் இல்லை. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்.

"சொல்லுங்க. வலது காதுல. மூணு தடவ."

குனிந்தேன். சேலைக்குள் பால் வாசனை அடித்தது. சின்னக் காது. பெயர் தொண்டைக்கு வந்துவிட்டது. அந்தக் கணத்தில் முதுகுக்குப் பின்னால் குமிழிச் சத்தம் மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. நான் அப்படியே நின்றேன். உதடு அசையவில்லை. காது முழுவதும் பின்னால் போய்விட்டது. எனக்கு மட்டுமில்லை. அவளுடையதும் இரண்டு வருஷம் பழகிய காது.

"போங்க" என்றாள். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "போய் அடிச்சுட்டு வாங்க. எம்பது நாளு பேரில்லாம இருந்தவ, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்க மாட்டாளா?"

மைத்துனனிடம் பம்பைக் கொடுத்திருக்கலாம். அவன் பக்கத்தில்தான் நின்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றடி தூரம் நடந்து, தொட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, பம்பைப் பிடித்தேன். இருபது, இருபத்தொன்று. குமிழி மறுபடி வலுத்தது. முப்பது தாண்டியபோது, பம்பின் சத்தத்துக்கு நடுவே, அவள் குனிந்து மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை எனக்குத் தெளிவாகவே கேட்டது, நாங்கள் இருவரும் பேசி வைத்த பெயர். நான் திரும்பவில்லை. திரும்பினால் எண்ணிக்கை விட்டுப்போகும். அறுபதை முடித்துவிட்டுத் திரும்பியபோது என் மகளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.